மூன்றாவது பேரன்ட் எங்கே போனது?

கிட்டில் மெர்ஜ் கமிட்டுக்கு இரண்டு பேரன்ட்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பல கிளைகளை ஒரே கட்டளையில் இணைத்தால் அது ஆக்டோபஸ் மெர்ஜ். கிளை வரைபடம் காட்டும் மென்பொருளின் நிரலில் ‘இரண்டு’ என்ற அனுமானம் எங்காவது ஒளிந்திருந்தால் அது வெளிப்படுவது இங்கேதான்.

செய்ய வேண்டியவை

• தனியாக ஒரு சின்ன ரெப்போ தொடங்கி, மெயினிலிருந்து மூன்று கிளைகள் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கோப்பை மாற்றுங்கள். கையால் தீர்க்க வேண்டிய முரண்பாடு வந்தால் ஆக்டோபஸ் முறை பொதுவாக மறுத்துவிடும். கிளை பிரித்தபின் மெயினிலும் ஒரு கமிட் போடுங்கள். இதை விட்டால் மெயின் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆகி, பேரன்ட் பட்டியலிலேயே வராது. நான்கு வர வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும். பாவம், பழி வரைபடத்தின் மேல் விழும்.

• படத்தைப் பார்க்கும் முன் ‘கிட் கேட்-ஃபைல் -பி’ கொடுத்து பேரன்ட் வரிகளை எண்ணுங்கள். வரிசையையும் ஒப்பிடுங்கள். முதல் பேரன்டை மட்டும் பின்தொடரும் பார்வை முழுக்க அந்த வரிசையை நம்பித்தான் இருக்கிறது.

• கூட்டு டிஃப்பையும் சோதியுங்கள். பேரன்டுக்கு ஒரு பத்தியாகக் கூட்டல், கழித்தல் குறிகள் வரும். தலைவரியில் @ குறி பேரன்ட் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். சிக்கலின்றி இணைந்த மெர்ஜில் இந்த டிஃப் காலியாக இருக்கும், அது பிழையல்ல. கமிட்டை அமெண்ட் செய்து ஒரு வரி சேர்த்தால் குறிகள் தெரியும்.

• ஸ்டாஷை மறக்காதீர்கள். டிராக் செய்யாத கோப்புகளையும் சேர்த்து ஸ்டாஷ் செய்தால் மூன்று பேரன்ட் கொண்ட கமிட் உருவாகும். ஆக்டோபஸையே தொடாதவர் ரெப்போவிலும் இது இருக்கலாம்.

செய்யக்கூடாதவை

• இரண்டிரண்டாக அடுத்தடுத்து மெர்ஜ் செய்துவிட்டு ஆக்டோபஸைச் சோதித்ததாக நினைக்காதீர்கள்.

• மெர்ஜ் இடது ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரே படத்தோடு முடிக்காதீர்கள். இடமும் வலமும் வேறு கிளைகள் ஓடும்போதுதான் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும், நிறம் மாறி ஒட்டும். கிட்டின் சொந்தச் சோதனைத் தொகுப்பிலேயே இதற்குத் தனிக் கோப்பு உண்டு.

• மெர்குரியலில் இதைத் தேடாதீர்கள். அங்கே இரண்டு பேரன்ட்தான் உச்சவரம்பு.

• லினக்ஸ் கெர்னலில் 66 பேரன்ட் கொண்ட கமிட் ஒன்று உண்டு. அதை முழுக்க வரைந்தே தீர வேண்டுமென்று மல்லுக்கட்டாதீர்கள். சுருக்கிக் காட்டலாம், ஆனால் எத்தனை கோடுகளை மறைத்தீர்கள் என்று திரையில் சொல்லிவிடுங்கள்.