எலி பிடிக்கும் குட்டி வீரன்

தடாவில் எங்கள் வீட்டுக்கு ஜாக் ரஸ்ஸல் டெரியர் குட்டி வந்தபோது, சின்ன நாய்தானே, மூலையில் கிடக்கும் என்று நினைத்தேன். நினைப்புத் தவறு. 1819-இல் இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல் வாங்கிய ‘டிரம்ப்’ என்ற பெட்டை நாயின் வழிவந்த இனம் இது; நரியை வளையிலிருந்து விரட்டவே வளர்க்கப்பட்டது. உயரம் 25 முதல் 30 செ.மீ.; எடை 5 அல்லது 6 கிலோ. மண்ணைத் தோண்டுவது பிறவிக் குணம். அடித்துத் திருத்த முடியாது. வெயிலுக்கு முன்னும் அந்தி சாய்ந்தும் நன்றாக ஓடவிட வேண்டும்.

எங்கள் நாய் வயல் எலியைக் கவ்வி வந்தபோது பெருமைப்பட்டேன். பத்து நாளில் வாந்தி, மஞ்சள் காமாலை. எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்றார் கால்நடை மருத்துவர். தடுப்பூசி போடாதது என் குற்றம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. இந்நோய் மனிதருக்கும் தொற்றும். ஆகவே அன்பர்களே, வெறிநோய்த் தடுப்பூசியோடு இதையும் ஆண்டுதோறும் போட மறவாதீர்கள்.