சூளைச் சூடும் வெள்ளைப்படுதலும்

விருத்தாசலத்தில் பீங்கான் கூடங்களில் வேலை செய்யும் பெண்களிடையே ஓயாமல் சுற்றும் பேச்சு ஒன்று உண்டு: சூளைப் பக்கம் நின்றால் உடம்பு சூடேறும், சூடேறினால் வெள்ளைப்படும், வெள்ளைப்பட்டால் எலும்பு உருகிப் போகும். எத்தனை முறை மறுத்தாலும் மறுநாளே முளைத்துவிடுகிறது. பருவமடைந்த பெண்ணின் கருப்பை வாயும் யோனிச் சுவரும் அன்றாடம் சில மில்லிலிட்டர் திரவத்தைச் சுரப்பது இயல்பு. அதில் இருப்பவை நீர், சளி, உதிர்ந்த செல்கள், லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல கிருமிகள். இந்தக் கிருமிகள் உண்டாக்கும் அமிலம்தான் நோய்க்கிருமிகளை அண்டவிடாமல் காக்கிறது. கருமுட்டை வெளிவரும் நாட்களில் திரவம் நீர்த்து வழுவழுப்பாகும். கர்ப்ப காலத்தில் கூடுதலாக வரும். எலும்போ கால்சியமும் கொலாஜனும் சேர்ந்தது. அது உருகி யோனி வழியே இறங்க உடம்பில் பாதையே கிடையாது. இதைப் பள்ளிப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிப் புரியவைக்கலாம். வளர்ந்தவர்கள் கேட்க மறுக்கிறார்கள்.

அப்படியானால் வெள்ளைப்படும்போது இடுப்பு ஏன் கடுக்கிறது, கை கால் ஏன் ஓய்ந்து போகிறது? கேள்வி நியாயமானது. விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. வெள்ளைப்படுவதாகச் சொன்னவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் உடம்புச் சூட்டைக் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் அந்தப் புகாரோடு, கிருமித்தொற்றைவிட அழுத்தமாகச் சேர்ந்து நின்றவை மனச்சோர்வும் பதற்றமும். டாக்கா சேரி ஒன்றில் இளம் மனைவியரிடம் சபீனா ஃபைஸ் ரஷீத் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது: அந்தப் பெண்கள் வெள்ளைப்படுதலைப் பற்றிப் பேசும்போதே பலவீனத்தையும் கவலையையும் வறுமையையும் சேர்த்துத்தான் பேசினார்கள். கடனைச் சொல்ல முடியாதவளால், கணவனோடு படுக்க மனமில்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவளால், வெள்ளைப்படுகிறது என்று சொல்ல முடிகிறது. இன்னொன்று: 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஓய்ச்சலுக்கு வேறென்ன காரணம் தேட வேண்டும்? முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

எல்லாம் மனக்கவலைதான் என்று தள்ளிவிடச் சொல்கிறேன் என யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து ராணி பாங் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு பெண்நோய் இருந்தது. அதற்குமுன் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காடுதான். தயிர்போல் திரிந்து அரிப்பெடுத்தால், துர்நாற்றம் வீசினால், பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், அடிவயிறு வலித்தால், உறவுக்குப் பின்னோ மாதவிலக்கு நின்ற பின்னோ ரத்தம் பட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சூடு தணிய வெந்தயமும் இளநீரும் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டிலேயே பத்துப் பேரில் ஒருவர்தான்.

இந்தப் பயத்தின் மறுமுனையில் கத்தி காத்திருக்கிறது. எலும்பு உருகும், புற்றுநோய் வரும் என்று மிரண்ட பெண்ணிடம் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்வது சுலபம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் அரசு கணக்கெடுத்தபோது, கரும்பு வெட்டப்போகும் 82,000க்கு மேற்பட்ட பெண்களில் 13,000க்கு மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தார்கள். வெறும் வெள்ளைப்படுதலுக்காகக் கருப்பையை எடுக்க வேண்டியதில்லை.

பெண்ணுடம்பைப் பற்றிய மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு சொல்ல வேண்டாம். காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறாது. தீட்டுக்காரி தொட்டு ஊறுகாய் கெடாது. மாதவிலக்கு நின்றதும் ஆசை அற்றுப்போவதுமில்லை. இருந்தால் அது வெட்கக்கேடுமில்லை.

அப்படியானால் சூளை அனல் ஒன்றுமே செய்யாதா என்பார்கள். செய்யும், அதனால்தான் எனக்கு இந்தக் கோபம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட முடிவு: வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் இரு மடங்கு. வெக்கை உடம்பின் நீரை வற்றவைக்கும், சிறுநீரகக் கல்லுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வழிவிடும். கழிப்பிடம் இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்; நீர்க்கடுப்பு வந்ததும் பழி மறுபடி ‘உடம்புச் சூட்டின்’ மேல் விழுகிறது. முதலாளிக்கு இது மிகவும் வசதி: குறை கூடத்தில் இல்லை, அவள் உடம்பில் என்றாகிவிடுகிறது. ஆட்கள் குறைவு, கழிப்பிடம் கட்டச் சொல்லும் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று சிறு கூடத்தார் சொல்லக்கூடும். மூன்று பெண்கள் வேலை செய்தாலும் மூன்று பேருக்கும் மூத்திரப்பை உண்டு. தாழ்ப்பாள் உள்ள கழிப்பிடம், குடிநீர், சூளையை விட்டு நகர்ந்து உட்கார நிழலும் நேரமும், கர்ப்பிணிக்கு அனல்படாத வேலை: இவற்றை வெந்தயத்துக்குச் செலவழிக்கும் அக்கறையோடு கேட்டு வாங்குங்கள்.