மூக்கு வழிச் சுவாசக் குழாயும் ரத்தக்கசிவும்

கேள்வி: தாடை அறுவை சிகிச்சைக்காக மூக்கு வழியே சுவாசக் குழாய் செலுத்தும்போது ரத்தம் வராமல் தடுக்க முடியுமா?

பதில்: மூக்கின் நடுத்தடுப்பில், முன்பகுதியில், நுண்ணிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன, குழாய் உரசினால் பெரும்பாலும் கசிவது அங்கேதான். அறவே தடுக்க இயலாது, வெகுவாகக் குறைக்கலாம். ஆக்ஸிமெட்டசோலின் அல்லது சைலோமெட்டசோலின் சொட்டுகளை முன்கூட்டியே விட்டால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், வழியும் அகலமாகும். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் வாங்கும் அதே சொட்டு மருந்துதான்! அது வேலை செய்யச் சில நிமிடங்கள் காத்திருக்காமல் குழாயை நுழைத்தால் விட்ட மருந்து வீண்.

மூச்சு தாராளமாகப் போகும் துவாரமே ஏற்றது. பெரியவர்களுக்குப் பொதுவாக 6 முதல் 7 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் போதும். கிருமி நீக்கிய வெதுவெதுப்பான உப்புநீரில் வைத்தால் பிளாஸ்டிக் குழாய் இளகும். பிறகு ஜெல் தடவி, மேல்நோக்கித் தள்ளாமல், மூக்கின் அடித்தளத்தை ஒட்டி மெல்லச் செலுத்த வேண்டும். தடங்கல் வந்தால் பலம் காட்டுவதுதான் பெரிய தவறு. முனையை மென்மையான ரப்பர் குழாய்க்குள் செருகி வழிநடத்தும் முறையும் உண்டு.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருபவர்கள், அதை மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.