மரம் அறுக்கும் செயின்: அங்குலம் மட்டும் கேட்டால் போதாது

பலசரக்குக் கடைக்காரருக்கும் மரம் அறுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று நகரத்து உறுப்பினர்கள் கேட்கலாம். தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டைப் பக்கத்தார் கேட்க மாட்டார்கள். கிராமத்துக் கடை என்றால் ஒரு பக்கம் பருப்பும் எண்ணெயும், மறுபக்கம் மண்வெட்டியும் கயிறும் ஆணியும் இருப்பதுதான் அங்கே வழக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அதன் பிறகு இந்த மெஷின் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. மெஷினை ஒரு முறை வாங்கினால் பல வருடம் ஓடும். செயின் அப்படியல்ல, தேயத் தேய மாற்ற வேண்டியது. அதனால் மண்வெட்டிக்குப் பக்கத்தில் செயினும் தொங்க ஆரம்பித்தது.

இரும்புச் சாமான் மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கிறோம். இருந்தும் இந்தச் சரக்கில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

புயலுக்கு மறுவாரம், செயின் கேட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். வெளியூர் வியாபாரி ஒருவருக்குப் போன் போட்டு, "20 அங்குலச் செயின் ஐம்பது அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னோம். வந்த சரக்கைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் விற்றோம். தோப்புகளில் கூலிக்கு மரம் அறுக்கும் ஒருவர் கடையிலேயே மாட்டிப் பார்த்து, "வழுக்கிக்கிட்டு ஓடுது முதலாளி" என்று சந்தோஷமாகப் போனார். மூன்றாம் நாள் வலது கையில் கட்டோடு வந்தார். அறுத்துக்கொண்டிருக்கும்போதே செயின் பாரை விட்டுக் கழன்று பின்னால் அடித்துவிட்டது. பழைய மெஷின், கழன்ற செயினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி அதில் எப்போதோ உடைந்து போயிருந்தது. இரண்டு விரலில் தையல். நல்ல கூலி கிடைத்துக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். வைத்தியச் செலவை நாங்கள் கொடுத்தோம். அந்த ஒரு மாதக் கூலியை அவர் கேட்கவில்லை, நாங்களாகத்தான் கொடுத்தோம்.

பிறகு செயினையும் பாரையும் அளந்து பார்த்தோம். பாரின் பள்ளம் 0.058 அங்குலம். நாங்கள் விற்ற செயின் 0.050. நீளம் சரி, மற்றதெல்லாம் சரி. கனம் மட்டும் ஒல்லி. அவர் "வழுக்கிக்கிட்டு ஓடுது" என்று சொன்னதே அதனால்தான்.

அங்குலம் என்று வாடிக்கையாளர் சொல்வது பாரின் நீளம். அது செயினின் அளவே அல்ல. குக்கர் கேஸ்கெட் விற்பவர்களுக்கு இது எளிதாக விளங்கும். "5 லிட்டர் குக்கருக்கு" என்று கேட்டவரிடம் எந்தக் கம்பெனி, உள்மூடியா வெளிமூடியா என்று கேட்காமல் யாரும் கேஸ்கெட்டை எடுத்துக் கொடுப்பதில்லை. செயினுக்கும் அப்படி மூன்று விவரம் உண்டு: பிட்ச், கேஜ், கீழ்ப்பல் எண்ணிக்கை. மூன்றும் பொருந்த வேண்டும். இரண்டு பொருந்தினால் போதும் என்பது கிடையாது.

பிட்ச் என்பது கணுவுக்குக் கணு உள்ள தூரம். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து, அதில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று ரிவெட்டின் தூரம் 16.5 மில்லிமீட்டர் வந்தால் அது 0.325 பிட்ச். ஏறத்தாழ 19 வந்தால் 3/8. இருபதரை வந்தால் 0.404, அது பெரிய மெஷின்களுக்கானது, நம் பக்கம் அபூர்வம். பிட்ச் மாறினால் மெஷினுக்குள் இருக்கும் பல்சக்கரத்தோடு செயின் சேராது. அப்படியே ஓட்டினால் சக்கரமும் போகும், செயினும் போகும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. 3/8 என்பதிலேயே இரண்டு ஜாதி. சிறிய மெஷின்களுக்கு வருவது உயரம் குறைந்த 3/8. பெட்டியில் 'லோ புரொஃபைல்' என்று போட்டிருப்பார்கள். பெரிய மெஷின்களுக்கு வருவது சாதா 3/8. பேர் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிடக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். தனித்தனி ஆணியில் தொங்கவிடுவது நல்லது.

கேஜ் என்பது பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் கீழ்ப்பல்லின் கனம். 0.043, 0.050, 0.058, 0.063 அங்குலம் என்று நான்கு புழக்கத்தில் உண்டு, மில்லிமீட்டரில் 1.1, 1.3, 1.5, 1.6. பள்ளத்தைவிடக் கனம் கூடிய செயின் உள்ளே இறங்காது. ஆகவே அந்தத் தவறு கடையிலேயே தெரிந்துவிடும். கனம் குறைந்த செயின்தான் ஆபத்து. அது சுகமாக இறங்கும், ஓடவும் ஓடும். ஆனால் பள்ளத்தில் சாய்ந்து ஓடும், கோணலாக அறுக்கும், கழலும். எங்களுக்கு நடந்தது இதுதான். கண்ணால் பார்த்து 0.050, 0.058 வித்தியாசம் சொல்ல முடியாது; கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு வெர்னியர் வாங்கிக் கல்லாப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செயின் திரும்பி வந்தால் ஆகும் நஷ்டத்தைப் பார்த்தால் அந்தச் செலவு பெரிதல்ல.

மூன்றாவது, கீழ்ப்பல் எண்ணிக்கை. பெட்டியில் 'டிரைவ் லிங்க்' என்று இருக்கும். பழைய செயினில் ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் போட்டுக்கொண்டு சுற்றி எண்ண வேண்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் போட்டு நீளம் பார்க்கவே கூடாது. ஓடிய செயின் ரிவெட் தேய்ந்து நீண்டிருக்கும். வாடிக்கையாளர் "முப்பத்தெட்டுப் பல்லு" என்று சொன்னால் அவர் மேலே உள்ள அறுக்கும் பல்லை எண்ணியிருக்கிறார். சாதாரணச் செயினில் அது கீழ்ப்பல்லில் பாதி. அதாவது அவருக்கு வேண்டியது 76.

அங்குலத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு 16 அங்குல பாரே சாட்சி. உயரம் குறைந்த 3/8 செயினில் ஒரு கம்பெனி பாருக்கு 55 கீழ்ப்பல், இன்னொரு கம்பெனி பாருக்கு 56. அதே 16 அங்குலம் 0.325 பிட்ச் ஆனால் 66 வரும். ஒரு பல் குறைந்தால் மாட்டவே முடியாது. ஒரு பல் கூடினால் இறுக்கும் திருகு முதலில் எப்படியோ சமாளிக்கும். செயின் கொஞ்சம் நீண்டதும் இறுக்க இடமிருக்காது. நம் பக்கம் மலிவாக வந்து இறங்கிய 58 சி.சி. சீன மெஷின்களில் பெரும்பாலும் 0.325 பிட்ச், 0.058 கேஜ், 18 அங்குலத்துக்கு 72, 20 அங்குலத்துக்கு 76, 22 அங்குலத்துக்கு 86. 'பெரும்பாலும்' என்று சொல்வதைக் கவனிக்கவும். பாரை ஏற்கெனவே மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

இவ்வளவும் அளக்க வேண்டுமா என்றால், பல நேரம் வேண்டாம். மெஷினோடு சேரும் பாரின் அடிப்பக்கத்தில் மூன்று விவரமும் அச்சடித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் தெரியும். கீழ்ப்பல்லிலும் எண் இருக்கும். ஆரிகன் செயினில் 91 என்றிருந்தால் உயரம் குறைந்த 3/8, 0.050 கேஜ். 20, 21, 22 என்றிருந்தால் மூன்றுமே 0.325 பிட்ச்; கேஜ் முறையே 0.050, 0.058, 0.063. ஆகவே போனில் கேட்பவரிடம் "பழைய செயினையோ பாரையோ கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுவதே நல்லது. வந்தவர் விவரத்தை ஒரு நோட்டில் அவர் பேருக்கு எழுதிக்கொண்டால் அடுத்த முறை கேட்க வேண்டியதில்லை. எங்கள் நோட்டில் இப்போது இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

பல்லின் வடிவமும் உண்டு. மூலை கூராக உள்ள பல் வேகமாக அறுக்கும். மண் பட்டால் உடனே மழுங்கும். மூலை மழித்த பல் சற்று நிதானம், ஆனால் கூர் நிற்கும். சாய்ந்து கிடந்து மண் அப்பிய தென்னைக்கு இரண்டாவதுதான் சரி. தென்னையே கூரைச் சீக்கிரம் தின்னும் மரம். இந்தப் பல் வடிவத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ் என்பவர், 1946ல் மரம் குடையும் வண்டுப் புழு ஒன்று இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து முன்னேறுவதைப் பார்த்தாராம். அதைப் பின்பற்றி இடப்பல், வலப்பல் வைத்த செயினைச் செய்து, 1947ல் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். இன்றைய செயின்களின் பல் அந்த வழியில் வந்ததே.

செயின் கேட்டு வருபவர் எல்லோருக்கும் புதுச் செயின் தேவைப்படாது. அறுக்கும்போது சீவலாக விழாமல் மாவாக விழுகிறது என்றால் கூர் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு உருண்டை அரம் கொடுத்தனுப்பினால் போதும்: உயரம் குறைந்த 3/8க்கு 4 மில்லிமீட்டர், 0.325க்கு 4.8, சாதா 3/8க்குப் பெரும்பாலும் 5.5. அரத்தில் லாபம் குறைவு. ஆனால் அரம் வாங்கிப் போனவர் செயினுக்கும் நம்மிடமே வருகிறார்.

மாறாக, இரண்டு செயின் தேய்ந்து மூன்றாவது வாங்க வருபவரிடம் பல்சக்கரத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயினை ஓட்டினால் அது சீக்கிரம் கெடும். பழி நம் சரக்கின் மேல் விழும். செயின் பிடிக்கும் கொக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்கள் ஆட்கள் இப்போது அதைக் கேட்காமல் செயினைக் கொடுப்பதில்லை.

கடைசியாக ஒன்று. செயினை நூறடி ரோலாக வாங்கினால் மலிவு என்று பிரதிநிதிகள் சொல்வார்கள். மலிவுதான். ஆனால் ரிவெட்டைக் கழற்றவும் உருட்டிப் பூட்டவும் இரண்டு கருவி வேண்டும். சுத்தியால் தட்டிச் சேர்த்த இணைப்பு ஓட்டத்தில் அறுந்தால் துண்டு குண்டு மாதிரி பறக்கும். மாதம் இருபது செயினாவது போகாத கடை ரோல் பக்கம் போக வேண்டாம். எண்ணிக்கை போட்ட பெட்டிச் செயினே போதும். அந்த 0.050 செயின்களில் மீந்த முப்பத்தொன்றை வியாபாரி திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அதே கேஜ் பார் உள்ளவர்களாகத் தேடித்தேடி விற்றோம். அதற்கு மூன்று வருடம் ஆயிற்று.