பற்றவைத்து வளர்க்கும் உதிரி பாகங்கள்

நிலத்தில் ஈரம் இருக்கும்போதே உழுதாக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கொத்துக்கலப்பையின் கொழு தேய்ந்து போனாலோ, விதைக்கும் கருவியில் ஒரு தாங்கி உடைந்தாலோ வேலை நின்று விடுகிறது. புதிய கருவிகளுக்கு உதிரி பாகம் கடையில் கிடைக்கும். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கருவிகளுக்குச் சில பாகங்கள் எங்கு தேடினாலும் கிடைப்பதில்லை. ஒரு சிறு பாகத்திற்காகக் கருவி முழுவதையும் பழைய இரும்பு விலைக்குப் போட நேரிடுகிறது. இத்தகைய இடங்களில், பற்றவைப்பின் மூலமே உலோகத்தை வரிசை வரிசையாக வளர்த்துப் பாகங்களை உருவாக்கும் முறை கைகொடுக்கும். இது முப்பரிமாண அச்சு முறைகளில் செலவு குறைந்த ஒன்றாகும்.

முறை என்ன?

சுவர் எழுப்பும்போது ஒரு வரிசைக் கல்லின் மேல் அடுத்த வரிசையை வைக்கிறோம். அதுபோல, உருகிய கம்பியால் ஒரு வரிசை இட்டு, அது ஆறியபின் அதன்மேல் அடுத்த வரிசை இடப்படுகிறது. கம்பி தானாக நகர்ந்து வரும் மிக் வெல்டிங் இயந்திரமே இதற்குப் பயன்படுகிறது. உருகும் இடத்தில் காற்றுப் படாதபடி கரியமில வாயுவோ, ஆர்கான் கலந்த வாயுவோ காக்கிறது. கையால் பற்றவைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. இங்கு வரிசை இட வேண்டிய பாதையைக் கம்ப்யூட்டர் சொல்ல, சிறு மோட்டார்கள் அதன்படி நகர்த்துகின்றன.

இந்த எண்ணம் புதிதன்று. மின் வில்லால் உலோகத்தை அடுக்கிப் பொருள் செய்யும் முறைக்கு அமெரிக்காவில் ரால்ப் பேக்கர் என்பவர் 1920-ல் விண்ணப்பித்து, 1925-ல் காப்புரிமை பெற்றார். 2013-ல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, சாதாரண மிக் வெல்டிங் இயந்திரத்தைக் கொண்டு 2,000 டாலருக்கும் குறைந்த செலவில் ஓர் உலோக அச்சு இயந்திரத்தை அமைத்தது. அதன் பாகப் பட்டியல், வரைபடம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டும் விட்டது. நெதர்லாந்தில் 2017-ல் 400 கிலோ எடையுள்ள கப்பல் விசிறி ஒன்று 298 வரிசைகளில் இம்முறையில் உருவாக்கப்பட்டது. 2021-ல் ஆம்ஸ்டர்டாம் நகரின் கால்வாய் ஒன்றின் மீது இவ்வாறு செய்த 12 மீட்டர் நீள நடைபாலம் திறக்கப்பட்டது.

எதற்கு ஏற்றது?

1. தேய்ந்த கொழு முனை, களைவெட்டிக் கத்தி ஆகியவற்றில் இழந்த பகுதியை மீண்டும் வளர்த்தல்.
2. தேய்ந்து தளர்ந்த துளைகளையும், அதிகச் சுமை இல்லாத அச்சுகளையும் நிரப்பி, லேத்தில் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டு வருதல்.
3. கடையில் கிடைக்காத, வளைவு நெளிவான தாங்கிகள், பிடிகள், கைநெம்புகள்.
4. ஒன்றிரண்டு மட்டுமே தேவைப்படும் புதிய வடிவக் கருவிகளின் மாதிரிகள்.

தட்டையான பாகங்களைத் தகட்டிலிருந்து வெட்டுவதே மலிவு. உருண்டையான புஷ், வாஷர் போன்றவற்றைக் கம்பியிலிருந்து லேத்தில் கடைவதே மலிவு. போல்ட், நட்டு ஆகியவற்றைக் கடையில் வாங்குவதே நல்லது. வேறு வழியில் செய்ய முடியாத வடிவங்களுக்கே இம்முறையை நாட வேண்டும்.

ஒரு கணக்கு

ஒரு கொழுவின் முனையில் 5 செ.மீ. அகலம், 8 மி.மீ. கனத்தில் 3 செ.மீ. நீளம் தேய்ந்து போயிற்று என்று கொள்வோம். இழந்த உலோகம் 12 கன செ.மீ. ஆகும். எஃகு ஒரு கன செ.மீ. 7.85 கிராம் எடை இருப்பதால், இது சுமார் 94 கிராம். 0.8 மி.மீ. கம்பியில் இதற்கு ஏறக்குறைய 24 மீட்டர் தேவை. நிமிடத்திற்கு 5 மீட்டர் கம்பி செல்லும்படி வைத்தால், பற்றவைக்கும் நேரம் 5 நிமிடமே. ஆனால் ஒரு வரிசை 2 மி.மீ. உயரம் எனில் 15 வரிசைகள் இட வேண்டும். ஒவ்வொரு வரிசைக்குப் பின்னும் 2 நிமிடம் ஆறவிட்டால் மொத்தம் அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். ஆறவிடும் நேரத்தைச் சுருக்கினால் உலோகம் வழிந்து, வடிவம் கெட்டுவிடும். இதைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தால் முதலில் தகட்டுத் துண்டு ஒன்றைப் பற்றவைத்து, விளிம்பை மட்டும் கம்பியால் வளர்ப்பது சிக்கனம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

துரு, எண்ணெய், பெயிண்ட் ஆகியவற்றை அடியோடு நீக்கிப் பளபளப்பாகத் தேய்த்த பின்னரே தொடங்க வேண்டும். காற்று வீசும் திறந்த வெளியில் வேலை செய்தால் காக்கும் வாயு சிதறி, உலோகத்தில் சிறு துளைகள் விழும். மின் அழுத்தம் ஏறி இறங்கும் நேரத்தில் வரிசை சீராக அமையாது. புதிய பாகம் அடித்தகட்டோடு ஒட்டிக்கொள்வதால், பின்னர் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். மேற்பரப்பு கரடுமுரடாக இருக்குமாதலால், கடைந்து சீர்செய்ய வேண்டிய பக்கங்களில் 2 முதல் 3 மி.மீ. கூடுதலாக வளர்க்க வேண்டும்.

சாதாரண எஃகுக் கம்பியால் வளர்த்த முனை மண்ணில் விரைவில் தேயும். ஆகவே கடைசி ஒன்றிரண்டு வரிசைகளைக் கடின மேற்பூச்சுக் கம்பியால் இட வேண்டும். அதற்கு மேல் அடுக்கினால் பூச்சு வெடித்துப் பெயர்ந்து விடும். கரிமச் சத்து மிகுந்த எஃகைச் சூடேற்றிய பின்பே பற்றவைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். வார்ப்பிரும்புக்கு நிக்கல் கலந்த கம்பி தேவை. சுழற்கலப்பைக் கத்திகள் வெப்பப் பதம் செய்யப்பட்டவை. பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, ஓடும்போது கத்தி முறிந்து தெறிக்கக் கூடும். அவற்றை மாற்றி விடுவதே மேல்.

செய்யக் கூடாதவை

வரிசைகளுக்கு இடையே உருகிச் சேராத இடம் இருந்தால் அது வெளியே தெரியாது. ஆகையால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடிய பாகங்களை இம்முறையில் செய்யவே கூடாது. டிராக்டர் டிரெய்லரை இழுக்கும் கொக்கி, ஊசி, பிரேக், ஸ்டியரிங் பாகங்கள், டிராக்டரின் விசையைக் கருவிக்குக் கடத்தும் சுழலும் தண்டு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பாரம் ஏற்றிய டிரெய்லரின் கொக்கி சாலையில் முறிந்தால் ஏற்படும் இழப்பின் முன், மிச்சமாகும் சில நூறு ரூபாய் ஒரு பொருட்டே அன்று.

டீசல் இருந்த பீப்பாயைப் பற்றவைக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய குழாயைப் பூச்சோடு பற்றவைத்தால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். டிராக்டரிலேயே வைத்துப் பற்றவைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எர்த் பிடியை வேலை செய்யும் இடத்திற்கு அருகிலேயே மாட்டினால் பேரிங்குகள் மின்னோட்டத்தால் கெடாது.

யாருக்குப் பயன்?

ஒரு தனி உழவர் இதற்கென இயந்திரம் வாங்குவது கட்டாது. பல கிராமங்களுக்கு வேலை செய்யும் பட்டறையோ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ வைத்துக்கொண்டால் கட்டும். தொடக்கத்தில் மிக் இயந்திரத்தைக் கையால் இயக்கியே கொழு வளர்ப்பைப் பழகலாம். அச்சு அமைப்பைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். திருச்சிராப்பள்ளியிலுள்ள பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் இத்தொழிலில் பயிற்சி அளித்து வருகிறது.

உழவர்கள் இப்போதே செய்யக் கூடியது ஒன்று உண்டு. கிடைப்பதற்கு அரிதான பாகங்களை அவை உடையும் முன்பே அளந்து, தாளில் படம் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். துளையின் விட்டம், கனம், நீளம் யாவும் மி.மீ. கணக்கில் இருக்கட்டும். உடைந்து சிதைந்த துண்டிலிருந்து அளவு எடுப்பது எந்தப் பட்டறைக்கும் கடினம். அளவு கையில் இருந்தால், பருவம் தவறாமல் பாகத்தைச் செய்து வாங்கிவிடலாம்.