அம்மாவுக்கும் ஒரு தட்டு

காலை ஏழரை மணிக்குப் பல வீட்டுச் சமையலறைகளில் நடப்பது இதுதான். பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் மூடியாயிற்று. கணவருக்குத் தோசை போயாயிற்று. மாமியாருக்குச் சர்க்கரை போடாத காபி கொடுத்தாயிற்று. அம்மா மேடையோரம் நின்றபடியே, பையன் பாதியில் வைத்துவிட்டு ஓடிய தோசையைச் சட்னிக் கிண்ணத்தில் துடைத்து வாயில் போட்டுக்கொள்கிறார். அவருடைய காலைச் சாப்பாடு அவ்வளவுதான். ஆறு மணிக்கு ஆற்றி வைத்த காபி ஆடை படிந்து அப்படியே கிடக்கிறது.

பெண்கள் தங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு வந்தாலே ஃபேஷியல், ஸ்பா, ஊட்டிப் பயணம் என்று போய்விடுகிறார்கள். கிடைத்தால் நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வது? ஆனால் நம் வீட்டு அம்மாக்களுக்கு இல்லாமல் போனது இவை அல்ல. சூடான சாப்பாடு, உட்கார ஓர் இடம், நினைத்தபோது கழிப்பறைக்குப் போகும் வசதி, தடைபடாத தூக்கம் ஆகிய நான்கும்தான். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்கென்று 299 நிமிடம் செலவிடுகிறார் என்று தெரிந்தது. வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. ஆகவே கீழே சொல்வதில் பாதி அம்மாவுக்கு, மீதி அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு.

செய்ய வேண்டியவை

உங்கள் தட்டை மற்றவர்களுடையதோடு சேர்த்தே எடுத்து வையுங்கள். எல்லோருக்கும் பரிமாறும்போது உங்களுக்கும் இரண்டு இட்லி, ஒரு கரண்டி பொரியல், இருந்தால் ஒரு முட்டை என்று தட்டில் வைத்துவிடுங்கள். கடைசியில் சாப்பிடுகிறவருக்குச் சோறு மிஞ்சும், ரசம் மிஞ்சும். காய், பருப்பு, மீன் துண்டு மிஞ்சாது. வருடக்கணக்கில் இப்படிச் சாப்பிட்டால் ரத்தத்தில் அது தெரியத்தான் செய்யும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவருக்கும் மேல்.

ரத்தசோகை பெரும்பாலும் நோய் மாதிரி வந்து நிற்பதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், கொத்துக் கொத்தாக முடி கொட்டும், சாயங்காலம் ஆனால் எரிச்சல் வரும். அரிசி களையும்போது ஒரு கை பச்சரிசியை எடுத்து மெல்லத் தோன்றும். சிலர் பல்பம், சாம்பல், திருநீறு என்று தேடித் தின்பார்கள். ஏதோ ஆசை என்று இதைச் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. ஹீமோகுளோபின் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்த்துப் போடாதீர்கள். இவை இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரைப் பொரியல், கொண்டைக்கடலைச் சுண்டல், ஆட்டு ஈரல் எல்லாம் நல்லவை. ஆனால் சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அந்தப் பலனில் பெரும்பகுதி போய்விடும், ஒரு மணி நேரமாவது விடுங்கள். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். பயப்பட ஒன்றுமில்லை. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மாத்திரை கேட்டு வாங்குங்கள். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் டாக்டர் சொல்லும் வரை, பெரும்பாலும் மூன்று மாதம், தொடர்ந்து போட வேண்டும். அப்போதுதான் உடம்பில் இருப்பு சேரும்.

தண்ணீர் குடியுங்கள், சிறுநீர் வந்தால் போய்விட்டு வாருங்கள். இதை ஒரு பெரிய மனுஷிக்குச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்து டீச்சர், ஜவுளிக்கடை விற்பனைப் பெண், பனியன் கம்பெனியில் தைக்கிறவர் என யார் பையையும் சாயங்காலம் திறந்து பாருங்கள். காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். கழிப்பறை சுத்தமாக இல்லை, தாழ்ப்பாள் இல்லை, சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சம். அதனால் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல், இடுப்பு வலி. எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் வந்தால் இளநீர், வெந்தயம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையைப் பற்றி நாலு பேராகச் சேர்ந்து நிர்வாகத்திடம் சொல்லுங்கள். தனியாகக் கேட்கக் கூசுவதை நாலு பேர் சேர்ந்தால் கேட்கலாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று உண்டு. அம்மாவிடமும் சொல்லாத, கணவரிடமும் சொல்லாத விஷயம் அது. பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சொட்டுச் சிறுநீர் வந்துவிடுவது. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று பல வருடம் பொறுத்துக்கொள்கிறார்கள். கோயில் வரிசை, கல்யாண வீடு, நீண்ட பஸ் பயணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தவிர்க்கிறார்கள். இடுப்படித் தசை தளர்ந்ததால் வருவது இது, பயிற்சியால் பெரும்பாலும் குறையும். சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல் உள்ளே சுருக்கி, ஐந்து நொடி பிடித்து, மெதுவாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு எட்டிலிருந்து பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் செய்யாதீர்கள். மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர்கள் தினமும் கேட்கும் பிரச்சினைதான்.

உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை உட்கார்ந்தே செய்யுங்கள். காய் நறுக்க, கீரை ஆய, துணி மடிக்க ஒரு நாற்காலி போதும். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டவர்கள் ராத்திரி தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுக்கலாம். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது. உங்கள் கடையில் நாற்காலி இல்லை என்றால் அது முதலாளி செய்ய வேண்டிய கடமை பாக்கி. பாலூட்டும் அம்மாக்களுக்கும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வுக்கு மேல், நாளுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளையைச் சட்டம் தருகிறது. அலுவலகத்தில் கேளுங்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுங்கள், முழுசாகக் கொடுங்கள். “கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க” என்று கேட்டால் அவர் ஒரு தட்டைக் கழுவிவிட்டுப் போவார். “ராத்திரிப் பாத்திரம் உங்க வேலைங்க” என்று சொன்னால் தேய்ப்பது, சிங்க்கைக் கழுவுவது, அடுப்பைத் துடைப்பது, மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைப்பது வரை அவர் பொறுப்பு. முதல் வாரம் சுமாராகத்தான் இருக்கும். பின்னாலேயே போய் மறுபடி தேய்க்காதீர்கள், தேய்த்தால் அந்த வேலை உங்களிடமே திரும்பிவிடும். பத்து வயதுப் பையனுக்குத் தன் டிபன் பாக்ஸைக் கழுவத் தெரிய வேண்டும். பெண்ணுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால், அடுத்த தலைமுறையிலும் ஒருத்தி மேடையோரம் நின்றுதான் சாப்பிடுவாள்.

கைக்குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள், துணி காத்திருக்கும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் ஈரத்தை உடனே துடைத்து உலர்த்துங்கள். ஆறாவிட்டால் மருந்து போடுங்கள், வெறும் மஞ்சளோடு நிறுத்தாதீர்கள்.

செய்யக்கூடாதவை

வீணாகிறதே என்று மிஞ்சியதையெல்லாம் தின்று தீர்க்காதீர்கள். பசித்த நேரத்தில் சாப்பிடாமல், பிள்ளை வைத்த மிச்சத்தைப் பசிக்காத நேரத்தில் சாப்பிடுவதால் எடை கூடும், சத்து கூடாது. அடுத்த வேளைக்கு ஒரு பிடி அரிசி குறைத்துப் போடுங்கள்.

பிரசவம் ஆனவளைப் பட்டினி போடாதீர்கள். இது பெரியவர்களுக்கு. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போடும், பழம் சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லிப் பூண்டுக் குழம்பும் சுட்ட அப்பளமுமாக நாற்பது நாள் ஓட்டுவதை இன்னும் பார்க்கிறோம். பூண்டு நல்லதுதான், பத்தியத்தில் உள்ள அக்கறையும் உண்மையானது. ஆனால் முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கீரை, பருப்பு, முட்டை, மீன், பழம், தாகத்துக்குத் தண்ணீர் எல்லாம் கொடுங்கள். விரதம் இருக்கும் பழக்கமுள்ள அம்மாக்களும் பாலூட்டும் காலத்திலும், சர்க்கரைக்கு மருந்து எடுக்கும் காலத்திலும் விட்டுவிடலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போடாதீர்கள். இடுப்பு வலி, தலைவலி என்று வாரத்துக்கு நாலு நாள் போடுகிறவர்கள் உண்டு. வலியை அமுக்கிவிட்டு வேலையை முடிப்பதற்காகத்தான் போடுகிறார்கள். இந்த மாத்திரைகளில் பல வயிற்றுப் புண்ணை உண்டாக்கும், நாளாவட்டத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அதிக உதிரப்போக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறது, கட்டி கட்டியாகப் போகிறது, ஏழு நாளுக்கு மேல் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். நம்ம வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இப்படித்தான் என்று பாட்டி சொன்னால், பாட்டிக்கும் அன்றைக்கு வைத்தியம் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அழுகையை விழுங்காதீர்கள். குழந்தை பிறந்த முதல் சில நாட்கள் காரணமில்லாமல் கண் கலங்குவது பலருக்கும் வரும், போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் குழந்தையைத் தூக்கப் பிடிக்கவில்லை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் அது மனச்சோர்வு. மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது. பேய் பிடித்ததாகவோ, திமிர் பிடித்ததாகவோ வீட்டில் யாரும் பேச வேண்டாம். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பிள்ளை வளர்ந்த பிறகு வரும் சோர்வுக்கும் இதே எண்தான். அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஒருவராவது நடந்து போய்ப் பேசும் தூரத்தில் இருக்கட்டும்.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போனைப் பார்க்காதீர்கள் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கென்று இருக்கிறது. அந்த நேரம் உங்களுக்கு வேண்டும், ஆனால் தூக்கத்தில் இருந்து எடுக்க வேண்டாம். எட்டு மணிக்குக் கணவர் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கும்போது மொட்டை மாடிக்குப் போங்கள்.

உங்கள் பரிசோதனையைப் “பரீட்சை முடியட்டும், தீபாவளி போகட்டும்” என்று தள்ளாதீர்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். கருப்பைவாய்ப் பரிசோதனை சில நிமிட வேலை. புற்றுநோயாக மாறும் முன்பே கண்டுபிடித்துத் தடுத்துவிட முடிகிற நோய் அது. மாதவிடாய் முடிந்த சில நாட்களில், மாதம் ஒரு முறை மார்பைக் கையால் தடவிப் பாருங்கள். வலிக்காத கட்டி என்று விட்டுவிடாதீர்கள், புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் பட்டாலும், உறவுக்குப் பிறகு பட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை வைத்திருக்கும் அதே பையில் உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் வையுங்கள். 30 வயதாகியும் இதுவரை ஒரு முறைகூடப் போகாதவர்கள், தயவுசெய்து இந்த வாரமே போய்வாருங்கள். அன்றைக்குச் சமையலை வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.