குழந்தைப் பேணலில் கொல்லாமை விரதம்

கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறாலில் உள்ள திருச்சாரணத்து மலை, சமணத் துறவியர் உறைந்த பழம்பதி. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் அங்குப் பொன்னணி அளித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகின்றது. குரத்தியர் என்போர் சமணப் பெண் ஆசிரியர். அம்மலைச் சிற்பங்களுள் அம்பிகா இயக்கியையும் காணலாம். மக்கள் இருவரோடு அமைவது அவ்வியக்கியின் இலக்கணம். ஆசிரியமும் தாய்மையும் ஒருங்கே போற்றப்பெற்ற அம்மலையை நினைந்து, குழந்தைகளைப் பேணுவோர்க்குரிய ஒழுக்கத்தை ஈண்டு ஆராய்வோம்.

பேணுவோர் என்றால் பெற்றோர் மட்டுமல்லர். ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவுப் பணியாளர், விடுதிக் காப்பாளர் ஆகியோரும் பிறர் மக்களைத் தம் பொறுப்பில் ஏற்றவர்களே. சிறு குழந்தை தனக்கு நேர்ந்ததை எடுத்துரைக்க அறியாது. ஆதலின் அவர்களது பணிக்கு விரதம் போன்ற கட்டுப்பாடு வேண்டும்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. அவற்றைக் குழந்தைகளிடத்துப் பொருத்திக் காண்போம்.

1. கட்டுதல்: அடம்பிடிக்கும் குழந்தையைக் கட்டிவைப்பதும், அறையில் அடைப்பதும் இதன்பாற்படும்.

2. அடித்தல்: பிரம்பு மட்டுமன்று, பலர் முன்னிலையில் இழித்துரைப்பதும் அடியே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனை, மனத்துன்புறுத்தல் இரண்டையும் விலக்கியுள்ளது.

3. உறுப்பைச் சிதைத்தல்: திருத்துவதாகக் கருதிச் சூடு வைக்கும் கொடுமை இதனுள் அடங்கும்.

4. மிகுசுமை ஏற்றுதல்: பள்ளி விட்டதும் டியூஷன், அதன்பின் வீட்டுப்பாடம் என விளையாட நேரமின்றி வாட்டுவதும் சுமையே. இதனை அன்பென்று மயங்கியே பலரும் செய்கின்றோம்.

5. உணவும் நீரும் மறுத்தல்: தண்டனையாகப் பட்டினி போடுதல், தாகத்திற்கு நீர் அருந்த விடாமை ஆகியன.

இவ்வைந்தையும் விலக்கினால் போதுமா? தீவினை மூவகையால் நிகழும் என்பது நம் அறநெறி: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல். குழந்தைக்கு இழைக்கப்படும் தீங்கை அறிந்தும் வாளாவிருப்பவர் மூன்றாவதற்கு ஆளாகின்றனர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும், அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கின்றது, தெரிவியாமையும் தண்டனைக்குரியது. 1098 என்னும் குழந்தை உதவித் தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம்.

எனினும், குடும்ப மானம், ஊர்ப்பேச்சு, நிறுவனத்தின் நற்பெயர் என்றெல்லாம் கூறி மறைப்போர் உளர். மறைத்தலால் காக்கப்படுவது தீங்கிழைத்தவரே, குழந்தையன்று. குழந்தை தயங்கித் தயங்கிக் கூறும் சொல்லைப் பொய்யென்று தள்ளாமல் பொறுமையுடன் செவிமடுப்பதே முதற்கடமை.

நம் இல்லங்களிலும் பாடசாலைகளிலும் குழந்தைப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்குமுன், அவர்தம் கல்வியோடு ஒழுக்கத்தையும் பொறுமையையும் ஆராய்வோம். எறும்புக்கும் இரங்கும் நாம், நம் மடியில் வளரும் உயிர்க்கும் அவ்வருளைக் குறைவின்றி வழங்குவோமாக!